நாற்பத்தெட்டாம் நாள்

மேட்டூரில் அணை கட்டி முடித்த வருஷம், ஆடி மாதத்தில் பொன்னாத்தாள் வண்டியிலிருந்து விழுந்து வலது தோளைப் பெயர்த்துக்கொண்டாள். எருமப்பட்டி வைத்தியர் மயில்சாமி வந்து கட்டுக் கட்டினார். கட்டை அவிழ்த்தபோது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை.

"விடியக்காலம் சொவத்துல விரலை வெச்சு, எறும்பாட்டம் மேல ஏத்தோணும் சாமி. நூறு தரம். ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள். உடாமச் செஞ்சா கை வரும். உட்டா ஆயுசுக்கும் இப்படித்தான்" என்றார். அந்த நேரத்தில் யாரும் அவளை வேலைக்குக் கூப்பிடக் கூடாது என்று மாமியார் ராமாயியிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

புருஷன் சின்னண்ணனுக்கு எதையும் குடைந்து பார்க்காவிட்டால் சோறு இறங்காது. பொன்னாத்தாள் மாட்டுக்கொட்டகைச் சுவரில் கரியால் நாளுக்கு ஒரு கோடு போட்டாள். மாடு அவிழ்க்கும் சாக்கில் அவன் அதைத் தினமும் எண்ணினான். பத்தொன்பதாம் நாள் அவள் பிறந்த வீட்டில் ஒரு சாவு. திரும்பி வந்தவள் விட்ட இடத்தில் தொடரவில்லை. புது வரிசையில் ஒன்று என்று ஆரம்பித்தாள். விரதம் முறிந்தால் முதலிலிருந்துதானே என்று அவனும் நினைத்துக்கொண்டான். அடுத்த வரிசை முப்பத்துமூன்றில் நின்றது. ஊரில் மாரியம்மன் நோம்பி. அதற்கடுத்தது பதினொன்று. நாலாவது இருபத்தாறு. ஐந்தாவது வரிசை நாற்பதைத் தொட்டதும் எருமை கன்று போட்டது. அவள் அலட்டிக்கொள்ளவில்லை, இவனுக்குத்தான் மனசு ஆறவில்லை.

சித்திரையில் ஆறாவது வரிசை நாற்பத்தேழுக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரே நாள். அன்றைக்குப் பார்த்து, நாமகிரிப்பேட்டைக் கல்யாணத்துக்கென்று விடியுமுன்பே வண்டியைப் பூட்டிவிட்டான் சின்னண்ணன். பாதி வழியில்தான் உறைத்தது.

"ஐயோ புள்ள, மண்டலம்!"

"போனாப் போவுதுங்க. நாளைக்கு ஒண்ணுல இருந்து எண்ணிக்கிறேன்."

அழுவாள், சண்டை பிடிப்பாள் என்று பயந்தவனுக்கு அந்தப் பதில் என்னவோ போலிருந்தது. மறுநாளே எருமப்பட்டிக்குப் போய் வைத்தியரிடம் பரிகாரம் கேட்டான்.

மயில்சாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இது என்ன விரதமா, முறியறதுக்கு? ஒரு நாள் உட்டுப்போனா மறுநாள் செய்யறது. மொத்தம் எத்தனை கோடு?"

சின்னண்ணன் விரல்விட்டுக் கூட்டினான். "நூத்தி எழுபத்தாறுங்க."

"அப்ப கை எப்பவோ வந்திருக்கோணுமே! வந்துருச்சா?"

இத்தனை மாதமாக அவன் கோட்டைத்தான் எண்ணியிருக்கிறான். கையை ஒரு நாளும் பார்க்கவில்லை. வெட்கமாகப் போயிற்று.

மறுநாள் விடியலில் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தான். பொன்னாத்தாளின் விரல் சுவரில் ஏறி, தலையைத் தாண்டி, கூரைவாரையைத் தொட்டு இறங்கியது. அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கட்டி வந்த பதினாலு வருஷத்தில் அவள் பாடி அவன் கேட்டதே இல்லை.

"கைதான் வந்துருச்சே புள்ள?"

"தை மாசமே வந்துருச்சுங்க."

"அப்பறம் எதுக்கு மறுக்கா மறுக்கா ஒண்ணுல இருந்து?"

அவள் திரும்பவில்லை. விரல் மறுபடி ஏறத் தொடங்கியது. "மண்டலம் முடிஞ்சா, இந்நேரத்துக்கு என்னையக் கூப்பிட ஆரம்பிச்சுருவீங்களே."

அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து ராமாயி குரல் கொடுத்தாள்: "பொன்னாத்தா! மண்டலந்தான் முடிஞ்சிருக்குமே, வந்து மோரைக் கடையி!"

அவன் கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"ரெண்டாம் நாளுதானுங்காத்தா! இன்னம் நாப்பத்தாறு கெடக்குது, கூப்பிடாதீங்க!"