சிவப்புப் பட்டை

விமானத்தின் முன் கதவுக் கைப்பிடி பாதி திரும்பிவிட்டது. வெளியே படிக்கட்டில் நின்ற தரைப் பணியாளன் திருப்பிக்கொண்டிருந்தான். உள்ளே நெகேசா பாய்ந்து, உடம்பு முழுவதையும் போட்டு அதை இழுத்துப் பிடித்தாள்.

"கைய எடு!" கண்ணாடியில் உள்ளங்கையால் மூன்று அடி.

மிரண்டு எடுத்தான்.

ஆபத்தில் பயணிகள் சறுக்கி இறங்குவதற்கான காற்றுப் பையின் கம்பி இன்னும் தரைக் கொக்கிகளில் மாட்டிக் கிடந்தது. விமானம் நின்றதும் அதைக் கழற்றிக் கதவில் மாட்ட வேண்டும். பிறகுதான், வெளியே இருப்பவன் கதவைத் திறக்கலாம் என்பதற்கு அடையாளமாக, ஜன்னலின் சிவப்புப் பட்டையை எடுக்கலாம். பட்டை போயிருந்தது, கம்பி போகவில்லை. கதவு திறந்திருந்தால் பை வெடித்து விரிந்து, படியில் நின்றவனைத் தூக்கி எறிந்திருக்கும்.

க்ளிக். கம்பி கதவுக்கு ஏறியது. ஒன்பது வருடமாக அந்தச் சத்தம் கேட்டால்தான் நெகேசாவுக்குப் பறந்து முடித்த திருப்தி. இன்று முதலில் அது கேட்கவில்லையே என்றுதான் குனிந்து பார்த்திருந்தாள்.

கிசுமுவிலிருந்து வந்தவர்கள் ஒன்றும் அறியாமல் நைரோபியில் இறங்கிப் போனார்கள். முன் கதவருகே அவளோடு வேலை பார்க்கும் கிப்ரோனோவுக்கு வேர்த்துக் கொட்டியது.

"அக்கா, இத ரிப்போர்ட்டா எழுதப் போறீங்களா?"

"எழுதாம?"

"யாருமே பாக்கல. உங்கள சோதிக்க வந்த மும்புவா மேடமும் கடைசி வரிசைல இருந்தாங்க. இன்னிக்கு உங்க பரீட்சை. இந்தக் காகிதம் போனா தலைமைப் பணிப்பெண் பேட்ஜ் போச்சு. ஒரு தப்புக்கு ஒரு ஆளோட பொழப்பையே கெடுக்கணுமா?"

"படில நின்னானே, அவனுக்குப் பொழப்பு இல்லியா?"

"ஞாயித்துக்கிழமை பிரசங்கத்த செவ்வாக்கிழமையே ஆரம்பிச்சுட்டீங்களா!"

"ஆமா. காணிக்கையா உன் பேனாவக் குடு."

பணியாளர் அறையில் மும்புவா தேநீரை மறந்து காகிதத்தைப் படித்தார். கோப்பைக்குப் பக்கத்தில் தங்க நிற பேட்ஜ் மின்னியது.

"பரீட்சைல நூத்துக்கு நூறு போட்டு வச்சிருந்தேன். இதுல என்ன நடந்துச்சுன்னு எழுதியிருக்க, பேரு மட்டும் எழுதல. யாரு மறந்தது? கிப்ரோனோவா?"

கிப்ரோனோ தலை குனிந்துகொண்டான்.

நெகேசா பேட்ஜை ஒற்றை விரலால் அவர் பக்கமே தள்ளினாள்.

"பேர எழுத்துல இல்ல, நேர்ல சொல்லணும்னு விட்டேன் மேடம். கம்பியக் கழட்டக் குனியப் போனேன். பயணி ஒருத்தர் பெட்டி எடுக்க எழுந்துட்டாரு. அவர உக்கார வச்சுட்டுத் திரும்பி, நேரா பட்டைய எடுத்துட்டேன். அது என் கதவு. மறந்தது நான்தான்."