கசியும் படலம்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. ஆய்வகத்தின் ஜன்னல் திறந்திருந்தது. நானும் ஆஷ்லினும் அதன் அருகில் நின்றிருந்தோம். எங்கள் இருவரில் ஒருவர் "காத்துதான்" என்று சொன்னார். வார்த்தை நினைவிருக்கிறது. குரல் யாருடையது என்பது நினைவில்லை. அப்போது, சொன்னது நான்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. தான்தான் என்று ஆஷ்லினுக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அதுதான் சிக்கலாயிற்று.

இரண்டாயிரத்து ஆறு, மே மாதம். லாஸ்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியின் வேதிப்பொறியியல் துறையில் நாங்கள் இருவரும் தேவதாஸ் சாரிடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தோம். என் வேலை எரிபொருள் கலம். ஒரு பக்கம் மெத்தனால், மறுபக்கம் காற்று, நடுவில் மெல்லிய பாலிமர் படலம். அந்தப் படலம் மெத்தனாலை மறுபக்கம் கசியவிடாமல் இருந்தால் மின்சாரம் கிடைக்கும். என் படலம் கசிந்தது. நான்கு வருடமாகக் கசிந்தது.

என் அப்பாவின் பெயர் பாவாடை. பாகூர்ப் பக்கம் நெல் பயிரிட்டுவந்தார். ஊரில் மின்சாரம் போகும்போதெல்லாம் எனக்குப் போன் செய்வார்.

"டேய் கோபி, ஒன் கரண்ட கொஞ்சம் உடுடா. புழுக்கம் தாங்கல."

ஆஷ்லினுடைய வேலை மருந்து. வலி நிவாரணியைத் தோல் வழியாக உடம்புக்குள் அனுப்பும் ஒட்டு. மருந்து அதிலுள்ள படலம் வழியே ஒரேயடியாக இறங்காமல் மெதுவாக, சீராகக் கசிய வேண்டும். ஒருமுறை பெங்களூரிலிருந்து வரவேண்டிய படலம் அவளுக்கு வந்து சேரவில்லை. நான் குப்பையில் போட வைத்திருந்த ஒன்றைக் கேட்டு வாங்கிப்போய்ச் சோதித்தாள். அவள் தேடியபடியே கசிந்தது. அதிலிருந்து, "நீ கெடுக்கறத எல்லாம் எனக்குக் குடுத்துடு" என்று சொல்லிவைத்திருந்தாள். என் ஒவ்வொரு தோல்வியும் அவளுடைய மேசைக்குப் போய் ஒரு புள்ளியாகி அவளுடைய வரைபடத்தில் ஏறியது. எனக்கு அதில் வருத்தமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரி நடக்கும் நாட்களில் காலையில் பி.டெக். மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுப்பது என் பொறுப்பு. அதனால் மதியம் சாப்பிட்ட பிறகுதான் பாலிமர் கரைசலைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி, கத்தியால் ஒரே கனத்தில் இழுத்து, காயவிடுவேன். மற்ற வருடங்களில் மே விடுமுறைக்கு ஊருக்குப் போய்விடுவேன்; அந்த வருடம் போகவில்லை. காலையிலேயே வந்து வேலையைத் தொடங்கினேன். அந்தப் படலங்கள் கசியவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. நல்லது நடந்தால் கொஞ்ச நாள் அதைப் பேசாமல் வைத்திருப்பது என் பழக்கம். பேசினால் போய்விடும் என்ற பயம் என்றும் சொல்லலாம். வழக்கம்போல ஆஷ்லினுக்கு நான்கு துண்டுகள் வெட்டிக் கொடுத்தேன்.

அந்த வார இறுதியில் அவள் என் மேசைக்கு வந்தாள்.

"என்ன பண்ண படலத்த?"

"ஒண்ணும் பண்ணல."

"பொய் சொல்லாத. மருந்து அப்படியே ஒக்காந்திருக்கு, மாமியார் ஊட்டுக்கு வந்த மாப்ள மாதிரி. எறங்கவே மாட்டேங்குது."

"கசியலயா?"

"அதத்தான் கேக்குறேன். ஏன் கசியல?"

"கசியாம இருந்தா நல்லதுதான?"

"ஒனக்கு நல்லது. எங்கப்பாவுக்கு யாரு பதில் சொல்றது? பிரெஞ்சு லிசே பள்ளிக்கூடத்துல படிச்ச மனுஷன். தெனமும் சாப்புடும்போது ஆய்வேட்டப் பத்தித்தான், தேஸ் என்னாச்சு, தேஸ் என்னாச்சுன்னு பிரெஞ்சுலயே கேட்டு உயிர எடுக்கறாரு."

பிறகு இருவரும் ஜன்னலருகே போய் நின்றோம். மதிய வெயில் ஜன்னல் கம்பியில் இருந்தது. காலையிலிருந்து மேற்கிலிருந்து அடித்த காய்ந்த காற்று நின்று, கடல் பக்கமிருந்து ஈரக்காற்று வரத் தொடங்கியது. மேசையில் கிடந்த காகிதங்கள் மறுதிசையில் புரண்டன. அப்போதுதான் யாரோ அந்த வார்த்தையைச் சொன்னது.

மறுநாளே சோதித்தோம். ஒரே குடுவையிலிருந்து எடுத்த கரைசல். காலையில் ஒரு தட்டு, காற்று திரும்பிய பிறகு ஒரு தட்டு. காலைப் படலம் கசியவில்லை. மதியப் படலம் கசிந்தது. காயும் நேரத்தில் காற்றின் ஈரம் உள்ளே இறங்கிப் படலத்தைப் பஞ்சுபோல் ஆக்கிவிடுகிறது. சென்னைக்கு அனுப்பி எடுத்த நுண்ணோக்கிப் படத்தில் ஒரே அளவுத் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. நான் ஏன் தோற்றேன் என்பதற்கும் அவள் ஏன் வென்றாள் என்பதற்கும் விடை ஒன்றே.

தேவதாஸ் சார் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு பேருக்குமே இந்த அத்தியாயம் வேணும். இது இல்லாம ஒன் ஆய்வேட்டுல வெறும் தோல்விதான் இருக்கு கோபி. இது இல்லாம ஒன்னுது ஏன் வேல செய்யுதுன்னு ஒனக்கே தெரியாதும்மா. ஆனா ஒரே புள்ளைக்கு ரெண்டு எடத்துல பேர் வெக்க முடியாது. ஒருத்தர் மொதல்ல ஆய்வேட்டக் குடுக்கணும். பட்டம் வந்தப்பறம் இன்னொருத்தர் அத மேற்கோள் காட்டி எழுதணும். ஒரு வருஷமாவது தள்ளிப்போகும்."

அந்த ஒரு வருடம்தான் விஷயம். எங்கள் துறையிலேயே ஒரு விரிவுரையாளர் இடம் காலியாக இருந்தது. பிஎச்.டி. முடித்தவர்தான் விண்ணப்பிக்கலாம். முதலில் போகிறவருக்கு அது கிடைக்கலாம். பின்னால் போகிறவருக்குக் கிடைக்காது.

"சரி, காத்துன்னு மொதல்ல சொன்னது யாரு?" என்று கேட்டார் சார்.

"நான்" என்றோம் இருவரும்.

சார் சிரிக்கவில்லை. "பேசி முடிவு பண்ணிக்கிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் பேசவில்லை. ஒரே அறையில், ஒரே தண்ணீர்க் குடுவையைப் பகிர்ந்துகொண்டு, மூன்று வாரம் இருந்தோம். அவள் தட்டச்சு செய்யும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நடந்ததை மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் என் குரல் கொஞ்சம் தெளிவாயிற்று. ஒருநாள் அந்தத் தெளிவே எனக்குச் சந்தேகம் தந்தது. அவ்வளவு தெளிவாக எதுவும் எனக்கு நினைவிருப்பதில்லை.

அன்று மதியம் அவளிடம் போனேன்.

"நீதான் சொன்ன. சார்ட்ட சொல்லிட்றேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "நெசமாவே ஞாபகம் வந்துச்சா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"இப்படியே வாய மூடிக்கிட்டு நல்லவனாயிடலாம்னு பாக்கறியா? எனக்குத் தானம் வேணாம் கோபி. ஞாபகம் இல்லன்னா இல்லன்னு சொல்லு."

"இல்ல."

அவள் விசைப்பலகையைத் தள்ளிவைத்து, "எனக்கும் இல்ல. போன வாரத்துலருந்து இல்ல" என்றாள்.

இருவரும் சாரிடம் போய் அதையே சொன்னோம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ரொம்ப நல்லது. மூணு வாரம் சாப்பாடு தூக்கம் இல்லாம இதக் கண்டுபுடிச்சீங்களா? சரி, யாரு எழுதி முடிச்சிருக்கீங்க?"

ஆஷ்லின் பையிலிருந்து தட்டச்சு செய்த காகிதக் கட்டு ஒன்றை எடுத்து வைத்தாள். அந்த அத்தியாயத்தின் இடத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் முடித்திருந்தாள். நான் முன்னுரைகூடத் தொடங்கியிருக்கவில்லை. மூன்று வாரமும் நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

"அப்ப இதுல பேசறதுக்கு ஒண்ணுமில்லப்பா" என்றார் சார். இல்லைதான். நான் விட்டுக்கொடுத்ததாக எங்கள் துறையில் பின்னாளில் ஒரு பேச்சு இருந்தது. அது உண்மையில்லை.

அவளுடைய வாய்மொழித் தேர்வு அடுத்த வருடம் ஆகஸ்டில் நடந்தது. அவள் அம்மா ஆனந்தமேரி எல்லோருக்கும் சமோசாவும் வீட்டில் செய்த கேக்கும் கொண்டுவந்திருந்தார். அவள் அப்பா முதல் வரிசையில் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், மருந்து ஏன் சீராக இறங்குகிறது என்று கேட்டார். ஆஷ்லின் நிதானமாகப் பதில் சொன்னாள். காற்று திரும்பும் இடம் வந்தபோது, "நாங்கள் கவனித்தோம்" என்று சொன்னாள். நான் கடைசி வரிசையில் சமோசாத் தட்டை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

அந்த விரிவுரையாளர் இடத்தை இடமாற்றத்தில் வந்த வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆஷ்லின் அகமதாபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் சேர்ந்து இன்றும் அங்கேதான் இருக்கிறாள். அவளுடைய ஒட்டு சந்தைக்கு வரவில்லை. எனக்கு இரண்டாயிரத்து ஒன்பதில் பட்டம் கிடைத்தது. விழுப்புரம் அருகே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். என் எரிபொருள் கலத்தை யாரும் தொடரவில்லை. தேவதாஸ் சார் ஓய்வுபெற்று முத்தியால்பேட்டையில் இருக்கிறார். என் அப்பா இரண்டாயிரத்துப் பதினாலில் காலமானார்.