எங்க வூட்டுல சொன்னது

என் கணவர் குருவோடு நான் எங்கும் பயணம் போனதில்லை. எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு கறவை மாடு இருந்தது. வீட்டில் இருந்தது இரண்டு பேர். காலையும் மாலையும் பால் கறக்க ஒருவராவது ஊரில் இருக்க வேண்டும். அந்த ஒருவர் நான்தான் என்று யாரும் பேசி முடிவு செய்யவில்லை. அப்படியே பழகிவிட்டது.

அவர் இண்டூர் மின்வாரிய அலுவலகத்தில் வயர்மேன். பொங்கல் கழிந்து வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலகத்தார் வேன் பிடித்து மாதேஸ்வரன் மலைக்குப் போவார்கள். விடியும்போது கிளம்பினால் திரும்ப இருட்டிவிடும். வருடம் முழுவதும் காக்கிச் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு போகிற மனிதர், அந்த ஒரு நாளைக்கு முந்தின மாலையே வெள்ளைச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டு வைப்பார். குளிக்கும்போது சீழ்க்கை அடிப்பார். திரும்பி வந்ததும் லட்டுப் பொட்டலத்தைச் சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டுக் கால் கழுவப் போவார்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்பேன்.

"போனோம், வந்தோம்."

அவ்வளவுதான். வீட்டை விட்டுப் போவதற்கு இத்தனை சந்தோஷமா என்று எனக்குள் ஒரு முள் இருந்தது. அதை அவரிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் "ம்" என்றிருப்பார். அவருடைய பேச்சில் பாதி அந்த "ம்"தான். மாலையில் நான் பால் கறக்கும்போது அவர் கன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மதியம் நூலகப் புத்தகத்தில் படித்ததை நான் சொல்லிக்கொண்டே கறப்பேன். சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. அவர் "ம்" என்பார். நடுவில் "இரு, கன்னு இழுக்குது" என்பார். கேட்கிறாரா என்று சோதிக்க ஒரு முறை கதாநாயகனின் பெயரை மாற்றிச் சொன்னேன். அதற்கும் "ம்" என்றார்.

மூன்று வருடங்களுக்கு முன் ஆடி மாதத்தில், சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். எழவில்லை.

வாரிசு வேலை எனக்குக் கிடைத்தது. அவர் வேலை செய்த அதே அலுவலகத்தில், கோப்பு எடுத்துக் கொடுக்கிற உதவியாளர். அவரோடு கம்பம் ஏறியவர்கள் என் மேசையைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஒரு வருடமாகியும் அவரைப் பற்றி ஒருவரும் என்னிடம் வாய் திறக்கவில்லை. அவர் போனபின் மலைப் பயணமும் நின்றுபோயிருந்தது. இந்தத் தை மாதம் போர்மேன் மாயவன் அதை மறுபடி கிளப்பினார்.

"ஏம்மா கலை, நீயும் வர்றியா?"

வருகிறேன் என்றேன். சாமி கும்பிட ஆசைதான். ஆனால் அதைவிட, அந்த ஒரு நாள் அவர் எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. என்னை விட்டு விலகி இருந்ததில்தான் அவருக்கு அந்தச் சீழ்க்கை வந்ததென்றால், அதையும் தெரிந்துகொண்டு விடுவோம் என்று நினைத்தேன். மாட்டையும் கன்றையும் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

வேனில் ஏறியதும் ஜாஸ்மின் கையசைத்தாள். அலுவலகத்தில் கணினி வேலை பார்ப்பவள். என்னோடு சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்பவள். பக்கத்து இருக்கையில் கைக்குட்டையைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். நான் உட்காரப் போகையில் மாயவன் முன்னாலிருந்து திரும்பினார்.

"அங்க எதுக்கும்மா ஒக்கார்ற? வாரிசு வேலை வாங்குனல்ல? அப்ப சீட்டும் வாரிசுதான். உங்க வூட்டுக்காரன் சீட்டு அதோ இருக்குது பாரு."

அவர் காட்டிய இடத்தில், சன்னலோரமாக வீரமணி உட்கார்ந்திருந்தான். லைன் இன்ஸ்பெக்டர். ஆள் கதவு உயரம். சூறைக்காற்றிலும் கம்பம் ஏறுகிறவன். அவன் மடியில் ஒரு பை எலுமிச்சம்பழமும் ஒரு கட்டு பிளாஸ்டிக் கவரும் இருந்தன. பக்கத்து இருக்கை காலி.

"சார், பாவம், அக்கா புதுச் சேலை கட்டிட்டு வந்திருக்காங்க" என்றாள் ஜாஸ்மின். "வீரமணி அண்ணன் பக்கத்துல ஒக்காந்தா அக்காவ மேட்டூர் டேம்ல எறக்கி அலசணும்."

வேன் முழுக்கச் சிரித்தது. வீரமணியும் சிரித்தான். ஆனால் காது சிவந்துவிட்டது.

"வேணாங்க அண்ணி. நீங்க அங்கியே ஒக்காருங்க. நான் சமாளிச்சுக்குவேன்."

ஜாஸ்மின் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். நல்ல துணைதான் அவள். முறுக்குக் கொடுத்தாள், கைப்பேசியில் தம்பி குழந்தையின் படங்களைக் காட்டினாள், நான் பேசாதபோது அவளும் பேசாமல் இருந்தாள். மேட்டூர் தாண்டியது. பாலாற்றுப் பாலம் வந்தது. கன்னடப் பலகைகள் தொடங்கின. மாயவன் "உகே உகே மாதப்பா" என்று சாமியை வாழ்த்திக் குரல் கொடுக்க, எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள்.

வேன் மலை ஏறத் தொடங்கியது. முதல் கொண்டை ஊசி வளைவிலேயே வீரமணி கையைத் தூக்கினான். வேனை ஓரங்கட்டினார்கள். அவன் இறங்கி, மூங்கில் புதர் பக்கம் போய், வாய் கொப்பளித்துவிட்டு வந்தான். முகம் சாம்பலாகியிருந்தது. ஏறாமல் படியருகிலேயே நின்றான்.

"நீங்க போயிட்டு வாங்க சார். நான் கீழ செக்போஸ்ட்டுல டீ குடிச்சிகிட்டு ஒக்காந்திருக்கேன்."

"இவ்ளோ தூரம் வந்துட்டு செக்போஸ்ட்டயா கும்பிடப்போற?" என்றார் மாயவன். பிறகு யாரிடமும் இல்லாமல், "குரு இருந்தான்னா கதை சொல்லியே மேல ஏத்திருப்பான்" என்றார்.

ஜாஸ்மின் என் கையைத் தொட்டாள்.

"யார் கதை சொன்னது?" என்றேன்.

நான் எழுந்து போய் அந்தக் காலி இருக்கையில் உட்கார்ந்தேன். "ஏறுப்பா. ஏறி வந்து சொல்லு" என்றேன்.

வீரமணி தயங்கி ஏறி, சன்னலோரம் தன்னைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்தான். வேன் நகர்ந்தது.

"அண்ணன்தாங்க" என்றான். "முத வருசம் நான் வாந்தியெடுத்தே செத்தேன். ரெண்டாவது வருசம் பக்கத்துல வந்து ஒக்காந்தாரு. ரோட்டப் பாக்காதடா, நான் சொல்றதக் கேளுன்னு ஒரு கதை ஆரம்பிச்சாரு. எப்ப மலை வந்துச்சுன்னே தெரியல. அப்புறம் வருசா வருசம் கதைதான். மொத வளைவுல ஆரம்பிச்சா கோயில் கோபுரத்துக்கிட்ட முடிப்பாரு. டிரைவர் கூட பாட்ட நிறுத்திருவாரு."

"அவரா? என்ன கதை?"

"உங்க கதைதாங்க அண்ணி." என்னைப் பார்க்காமல் எலுமிச்சம்பழத்தை உருட்டினான். "எப்ப ஆரம்பிச்சாலும் 'எங்க வூட்டுல சொன்னது'ன்னுதான் ஆரம்பிப்பாரு. எங்க வூட்டுல சொன்னது, ஒரு ஊருல ஒரு தபால்காரன் இருந்தான். எங்க வூட்டுல சொன்னது, ஒரு பொம்பள கெணத்துக்கு வேலி போட்டா. இப்படி."

தபால்காரன் கதையும் கிணற்றுக் கதையும் நான் சொன்னவைதான். எந்த மாட்டின் காலத்தில் சொன்னேன் என்றுகூட எனக்கு நினைவிருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

முன்னாலிருந்து மாயவன் சொன்னார்: "சொல்லக் கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு. வூட்டுக்குத் தெரிஞ்சா, தப்பா சொல்லிட்டேன்னு வரி வரியா திருத்தும்டான்னான். அவன் போனதுக்கப்புறம் உங்கிட்ட சொல்ல எங்களுக்கு வாய் வரலம்மா."

அடுத்த வளைவில் வேன் சாய்ந்தது. வீரமணி கண்ணை மூடிப் பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டான். மூடிய கண்ணோடு பேசினான்.

"கடைசியா வந்தப்ப ஒண்ணு பாதியில நிக்குதுங்க அண்ணி. பேசிப் பேசி மெதுவாச் சொன்னாரு, அதுக்குள்ள கோயில் வந்துருச்சு. மீதி அடுத்த வருசம்னாரு. ஆபீஸ்ல தெனமும் கேப்பேன். இங்க சொல்லிட்டா மலை ஏறதுக்கு என்னடா இருக்கும்னாரு."

"எந்தக் கதை?"

"ரயில்ல தூங்கிட்டு வேற ஊருல எறங்கிடுவான் ஒருத்தன். ஸ்டேஷன்ல டீ விக்கிற அம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. வந்துட்டியா தம்பின்னு அவன் கையப் புடிச்சுக்கும். காணாமப்போன தம்பின்னு நெனச்சு வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரும்."

எனக்குத் தெரியும். அந்த முடிவை, கதை படித்த வாரமே அவரிடம் சொல்லியிருந்தேன். அவரும் "ம்" என்றிருந்தார். முடிவு தெரிந்தே ஒரு வருடத்துக்குச் சேர்த்து வைத்திருக்கிறார்.

"சரி, மீதியைச் சொல்றேன்" என்றேன். "காலையில எழுந்ததும் அவன் உண்மையச் சொல்லிடுவான். நான் உங்க தம்பி இல்லைன்னு. அந்த அம்மா சொல்லுவாங்க: என் தம்பி ஒரு காலை இழுத்து நடப்பான். நீ நடந்து வந்த சத்தத்துலயே தெரியும். பசியோட வந்தவன்கிட்ட நீ யாருன்னு எதுக்குக் கேக்கணும்னு."

வேனில் யாரோ "அடடா" என்றார்கள். வீரமணி ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"சரிங்க அண்ணி. கன்னுக்குட்டிக்கு என்னா ஆச்சு?"

"எந்தக் கன்னுக்குட்டி?"

"அவன் கூட ரயில்ல வந்துச்சுல்ல, அதுங்க."

"ரயில்லயா?"

"அரை டிக்கெட்டு எடுத்தான்ல" என்றார் டிரைவர், சாலையிலிருந்து பார்வையை எடுக்காமல்.

"ஆமாக்கா" என்றாள் ஜாஸ்மின். "அது சும்மா கயித்த இழுத்துகிட்டே இருக்கும். அந்தாளு உண்மையச் சொல்லலாம்னு வாயெடுப்பான். இருங்க, கன்னு இழுக்குதும்பான். எங்களுக்குச் சிரிச்சு வயிறு வலிச்சிரும்."

அந்தப் புத்தகத்தில் கன்றுக்குட்டி இல்லை. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் ரயிலில் கன்றுக்குட்டி வந்ததில்லை. "அப்படி இல்லவே இல்லை" என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. திருத்தியே பழகிய நாக்கு. வேன் இன்னொரு வளைவில் திரும்பியது. வீரமணியின் நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்து, மாட்டின் அந்தப் பக்கம் நிற்கிறவரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினேன்.

"அந்தக் கன்னை அவன் பெண்டாட்டிக்காகத்தான் வாங்கிட்டுப் போனான். அவள் எங்கேயும் போனவள் இல்லை. வீட்டுல மாடு இருந்துச்சு. இவன் டீக்கார அம்மாகிட்ட சொல்லிட்டு, மறுபடி ரயில் ஏறினான். மறுபடியும் அரை டிக்கெட். இந்தத் தடவை தூங்காம, கன்னு கயிற்றைக் கையில சுத்திக்கிட்டு நின்னுக்கிட்டே வந்தான்."

மலை வளைந்து வளைந்து ஏறியது. நானும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். டிக்கெட் பரிசோதகர் கன்றின் வயதைக் கேட்டார். கன்று அவருடைய தொப்பியைத் தின்றது. மாயவன் தொடையைத் தட்டிச் சிரித்தார். தூரத்தில் கோபுரம் தெரிந்தபோது அவனை வீட்டு வாசலில் கொண்டுவந்து சேர்த்தேன்.

"அந்த ஸ்டேஷனையும் டீக்கார அம்மாவையும் பத்தி ராத்திரி முழுக்கப் பெண்டாட்டிகிட்ட சொன்னான். நானும் பார்க்கணும்னு அவள் சொன்னாள். கன்னைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு ரெண்டு பேரும் ரயிலேறிப் போனாங்க."

"பக்கத்து வூட்டுலயா?" என்றான் வீரமணி. "எப்படிங்க நம்பி வுட்டாங்க?"

"நல்ல பக்கத்து வீடுப்பா."

"எனக்கு என்னமோ சரியாப் படலைங்க. மத்ததெல்லாம் நல்லாருக்குது."

ஒரு கவரும் பிரிக்கப்படாமலேயே கோயில் வந்துவிட்டது.

கும்பிட்டு, சாப்பிட்டு, மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது பாஞ்சாலியின் அழைப்பு வந்தது. அவள் குரல் எப்போதும் நான்கு பேருக்குக் கேட்கும்.

"கலை, கோச்சுக்காதடி. உன் கன்னு கயித்த அத்துகிட்டுப் போயி தாயிகிட்ட முட்ட முட்டக் குடிச்சிருச்சு. சாயங்காலத்துக்குப் பால் கெடையாது."

வீரமணி எழுந்தே நின்றுவிட்டான். "பாத்தீங்களா? நான் சொன்னேன்ல?"

ஜாஸ்மின் சிரித்துச் சிரித்து என் தோளில் சாய்ந்தாள். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு அப்படிச் சிரித்ததில்லை.

திரும்பும்போது நானாகவே போய் அந்த இருக்கையில் உட்கார்ந்தேன். "இறங்கும்போதும் வாந்தி வருமா?" என்று கேட்டேன்.

"எறங்கும்போதுதாங்க ஜாஸ்தி. அண்ணன் ஒரே பேச்சாப் பேசிகிட்டு வருவாரு."

"இன்னைக்கு நீ பேசு. அந்தத் தபால்காரன் கதை. அவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே சொல்லு."

"தப்பா இருக்குங்களே அண்ணி."

"இருக்கட்டும்."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். டிரைவர் பாட்டை நிறுத்தினார். வேன் முதல் வளைவில் இறங்கியது.

"எங்க வூட்டுல சொன்னது" என்று ஆரம்பித்தான் வீரமணி. "ஒரு ஊருல ஒரு தபால்காரன் இருந்தான். அவங்கிட்ட ஒரு செவலக் கன்னு இருந்துச்சு."

"ம்" என்றேன்.