பேர் வெட்டிய குடம்

தேவிகாபுரம் பஸ்ஸில் வந்து இறங்கிய பொன்னியம்மாள், கொண்டுவந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராகச் சமையலறைக்குப் போய், ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிப் பரணைத் துழாவினாள். தம்பி வீட்டுப் பரணில் தனக்கென்ன வேலை என்று யோசிக்கிற ஆள் அவள் இல்லை. அந்த வீட்டின் நல்லது கெட்டதுக்கெல்லாம் முன்னால் நிற்பவள் அவள்தான். நிற்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை, வேண்டாமென்று சொல்லவும் யாருக்கும் தைரியம் இருந்ததில்லை. பரணில் மூடி இல்லாத குக்கரும், ஓடாத மிக்சியும், தூசி படிந்த பிளாஸ்டிக் வாளிகளும் கிடந்தன.

“ரேணுகா கொடம் எங்கடா?”

கோபிநாத் அரிசி மில்லுக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அங்கே பாய்லர் பார்ப்பது அவர் வேலை. பொத்தானில் இருந்த விரல்கள் அப்படியே நின்றன.

“இல்லக்கா.”

“இல்லன்னா இன்னா அர்த்தம்?”

“குட்துட்டேன். அவ போய்ச் சேந்த மாசமே.”

வெள்ளிக்கிழமை பூவாடை. அடுத்த வாரம் மகள் இளமதிக்குக் கல்யாணம். பந்தக்கால் நடுவதற்கு முன் பூவாடைக்காரியைக் கும்பிடாமல் அந்தப் பக்கத்து வீடுகளில் நல்ல காரியம் தொடங்குவதில்லை. புருஷன் இருக்கும்போதே பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்தவள் அந்த வீட்டுக்குத் தெய்வம். கிணற்றடிக்குப் போய் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, குடத்துத் தண்ணீரில் வீட்டுக்கு அழைத்துவந்து, புதுப்புடவை வைத்துப் படைத்து, பிள்ளையை வாழ்த்தச் சொல்லிக் கேட்பார்கள். கோபிநாத் வீட்டு வழக்கம் இன்னும் கொஞ்சம் கறார். போனவள் தாய்வீட்டிலிருந்து எந்தக் குடத்தோடு வந்தாளோ அந்தக் குடம்தான் வேண்டும். நேற்று கடையில் வாங்கிய குடம் யாருடையது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தன் இடுப்பில் சுமந்ததென்றால் அடையாளம் கண்டு வருவாள்.

இளமதி பட்டுக் கடையில் பில் போடுகிறவள். வேலைக்குக் கிளம்பி, நின்றபடியே இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். அத்தையையும் அப்பாவையும் ஒருமுறை பார்த்தாள்.

“விடு அத்த. புதுசா ஒண்ணு வாங்கிக்கலாம்.”

அவள் அதைக் கோபமில்லாமல் சொன்னாள். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூடக் கோபிநாத்துக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

கோபிநாத்தின் மனைவி ரேணுகாம்பாள் இருந்தவரை அந்தக் குடம் தெருவில் பிரசித்தம். எல்லாரும் பச்சையும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் குடம் எடுத்துக்கொண்டு முனிசிபாலிட்டிக் குழாய்க்கு வரும்போது, அவள் மட்டும் புளிபோட்டுத் தேய்த்த பித்தளைக் குடத்தோடு வந்து வரிசையில் நிற்பாள். மகாராணி வராங்க, வழி விடுங்க என்று கேலி செய்வார்கள். அவள் சிரித்துக்கொண்டே குடத்தை இடம் மாற்றிக்கொள்வாள். குடத்தின் தோள்பட்டையில் அவள் பேரும் கல்யாண வருஷமும் வெட்டியிருந்தன. இடுப்புப் பக்கம் ஒரு நெளிவு. இளமதி நடக்கப் பழகியபோது பிடித்து இழுத்துத் தள்ளியதில் விழுந்தது அது. ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டு வந்து கோபிநாத் கண்ணயரும் நேரமாகப் பார்த்து, குடத்தைச் சமையலறைத் தரையில் ‘ணங்’கென்று இறக்கி வைப்பாள். மெதுவாக வைக்கத் தெரியாதா என்று கத்துவார். தண்ணீர் நிறைந்த குடத்தை மெதுவாக எப்படி வைப்பது, வந்து வைத்துக் காட்டு என்பாள். அவர் ஒருநாளும் எழுந்துபோய் வைத்துக் காட்டியதில்லை.

வயிற்றில் கட்டி என்று வேலூருக்கும் வீட்டுக்குமாக அலைந்து, கடைசியில் ஒரு மழைக்காலத்தில் அவள் போனாள். ஆண் பிள்ளை இல்லாததால் கொள்ளிக்குடத்தை அவரே தோளில் வைத்துச் சுற்றி வந்தார். சுற்றுக்கொரு ஓட்டை போட்டார்கள். தண்ணீர் முதுகில் வழிந்தது. குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்ததும், திரும்பிப் பார்க்காமல் நடங்க என்று யாரோ சொன்னார்கள். எல்லாருக்கும் சொல்கிற வார்த்தைதான். மற்றவர்கள் சுடுகாட்டு வாசலோடு அதை விட்டுவிடுவார்கள். கோபிநாத் வீடு வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். விடிந்ததும் சமையலறை மூலையில் அந்தக் குடம் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியவில்லை. சத்தம் வரும் வரும் என்று படுத்துக் கிடந்த காலைகள் அவரைப் பைத்தியமாக்கின. பழைய சாமான் எடுக்கிற சின்னதுரை வண்டியோடு தெருவில் வந்த அன்று, தையல் மெஷின், மரப்பெட்டி, ரசம் போன கண்ணாடி, குடம் எல்லாவற்றையும் வாசலில் கொண்டுவந்து போட்டார். யோசித்துத்தான் கொடுக்கிறீர்களா என்று கேட்டது சின்னதுரைதான். ஜல்தியாக எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்போது வேலூர் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்த இளமதி, லீவுக்கு வந்தவள், காலியாக இருந்த மூலையைப் பார்த்தாள். மறுநாள் ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டுவந்து அங்கே வைத்தாள். பிளாஸ்டிக் குடம் சத்தம் போடாது. அவர் நினைத்தபடி தூங்கினார். சில மாதங்களில், அந்தச் சத்தத்துக்காகவே விடியற்காலையில் விழித்துக்கொள்ளத் தொடங்கினார். சின்னதுரையிடம் போய்க் கேட்டால் கிடைத்திருக்கும். எந்த முகத்தோடு கேட்பது என்றே நாளைக் கடத்தினார்.

அக்கா வந்து கேட்ட அன்று மில்லுக்கு லீவு சொல்லிவிட்டுச் சின்னதுரையின் கிடங்குக்குப் போனார். தகரக் கொட்டகைக்குள் ஒரு சுவர் நெடுகக் குடங்கள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் பேர். பத்மாவதி, தனலட்சுமி, கெம்பம்மாள், அண்ணன் அன்பளிப்பு வசந்தா. குனிந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனவருக்கு, குழாயடி வரிசையில் புடவை கட்டிய பெண்களுக்கு நடுவே புகுந்துவிட்ட மாதிரி கூச்சமாக இருந்தது. இவர்கள் வீட்டு ஆண்களும் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்களா என்று தோன்றியது.

“பேர் வெட்னதுன்னா இப்போ நல்ல டிமாண்டுங்க,” என்றான் சின்னதுரை. “உங்களுது எனக்கு ஞாபகம் கீது. நெளிஞ்ச கொடம் தான? வந்தவாசி ரோட்டுல புதுசா ஒரு ஓட்டல் வந்துகீது பாருங்க, அவங்க மொத்தமா எடுத்துகினாங்க.”

ஓட்டல் பகல் சாப்பாட்டு நேரத்துக் கூட்டத்தில் இரைந்துகொண்டிருந்தது. குடங்கள் கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கின. ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் ஒரு பல்பு. கோபிநாத் அண்ணாந்தபடியே மேஜைகளுக்கு நடுவே நடந்தார். பரிமாறுகிறவர்கள் மேல் இரண்டு தடவை இடித்துக்கொண்டார். ஜன்னலோர மேஜைக்கு மேலே நெளிவு தெரிந்தது, பிறகு பேர் தெரிந்தது. அதன் கீழே ஒரு குடும்பம் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் கை கழுவப் போகும்வரை சுவரோரமாக நின்றார்.

ஓட்டலை நடத்துகிற கனிமொழி சின்ன வயதுப் பெண். கல்லாவை விட்டு எழுந்து அவரிடம் வந்தாள்.

“யாரங்க தேடறீங்க?”

“எங்க வூட்டுக்காரி கொடம்மா. அதோ, மேல கீது.”

அவள் சிரிக்கவில்லை. அண்ணாந்து பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் விளக்கை அணைக்கச் சொல்லி, ஏணி போட்டு இறக்கச் சொன்னாள். அவர் சட்டைப்பைக்குள் கைவிட்டபோது தடுத்துவிட்டாள்.

“வேணாங்க. தெனம் இதுக்குக் கீழதான் நடந்துகினு இருக்கேன். ஒரு நாளும் பேரப் படிச்சதில்ல.” பிறகு தயங்கி, “வயர் போறதுக்காக அடியில ஓட்ட போட்டுட்டாங்கய்யா,” என்றாள்.

பல்பு எரிந்த சூட்டில் குடம் வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வெதுவெதுப்பை அவர் எதிர்பார்க்கவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். பெருவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதன் வழியாக அவர் செருப்பு தெரிந்தது.

கசிவு அடைப்பதில் கோபிநாத்துக்குக் கைராசி உண்டு என்று மில்லில் சொல்வார்கள். நீராவிக் குழாய் எங்கே சீறினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். குடத்தை மில் வெல்டர் தசரதனிடம் கொண்டுபோனார். ஒரு நிமிஷ வேலை என்று சொல்லி அவன் குடத்தை மணலில் கவிழ்த்து வைத்தான். காஸைத் திறந்து பற்றவைத்தான். நீலமாகக் குவிந்த நெருப்பு குடத்தை நோக்கி வந்தபோது, மணலில் பாதி புதைந்திருந்த மனைவியின் பேர் கோபிநாத் கண்ணில் பட்டது.

“வேணாம் தசரதா. நிறுத்து.”

“ஏண்ணே, இன்னா ஆச்சி?”

“வேணாம்பா.”

காரணம் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. அவளை ஒருமுறை நெருப்பில் வைத்தாயிற்று, அது போதும் என்று மட்டும் பட்டது. கடையில் எம்-சீல் வாங்கிப் பிசைந்து, ஓட்டையை அடைத்து, காயவிட்டு வீட்டுக்கு எடுத்துவந்தார்.

பொன்னியம்மாள் குடத்தைக் கவிழ்த்தாள். அடைப்பை விரலால் தடவியவள், சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

“ஓட்டக் கொடத்த எதுக்குடா தூக்குவாங்க? ஒனக்குத் தெரியாதா? நீதான தூக்குன? கல்யாண வூட்டுக்குள்ள இத எப்டிடா எடுத்தாறது?”

அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். வேலையிலிருந்து வந்த இளமதி குடத்தைப் பின்பக்கம் எடுத்துப்போய்ப் புளிபோட்டுத் தேய்த்தாள். நெளிவில் அவள் கை நின்றது.

“இது நான் தள்ளிவுட்டதுதானப்பா?”

“ஆமா. திட்டு மட்டும் எனக்கு வுழுந்துது.”

அவள் சிரித்தாள். தேய்த்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாள்: “இதுவே இருக்கட்டும் அத்த. எங்கம்மாவுக்கு வேற கொடம் தெரியாது.”

“தண்ணி வாசல் வரைக்கும் வந்தாவணும்டி. நடுவுல ஒழுகிடுச்சின்னா அவ வழியிலயே நின்னுட்டான்னு ஆயிடும். ஒன் கல்யாணம் அது.”

“வரும்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பங்காளி நிலத்துக் கிணற்றடியில் மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்து விளக்கேற்றினார்கள். குடத்தை நிரப்பி, வேப்பிலையும் மல்லிகையும் போட்டார்கள். பொன்னியம்மாள் கிணற்றைப் பார்த்துக் கைகூப்பி, “ரேணுகா, வாம்மா. ஒம்பொண்ணுக்குக் கல்யாணம், வந்து நட்த்திக் குடு,” என்று கூப்பிட்டாள். அவள் குரல் உடைந்தது. நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியுமாக இருந்தபோது இரண்டு பேருக்கும் ஒத்துப்போனதில்லை.

இளமதி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். அம்மா மாதிரியே வலது பக்கம் சாய்ந்து நடந்தாள். வரப்பைத் தாண்டித் தார்ரோட்டில் கால் வைத்ததும், அடைப்பு கழன்று கல் மாதிரி கீழே விழுந்து உருண்டது. பல வருஷத்துப் பிசுக்கின் மேல் வைத்தது, தண்ணீரின் கனம் தாங்கவில்லை. குடத்தின் அடியிலிருந்து தண்ணீர் கம்பியாக இறங்கியது. முன்னால் விளக்கோடு போன பொன்னியம்மாள் சத்தம் கேட்டு நின்றுவிட்டாள்.

தண்ணீர் இப்படிக் கொட்டிக் கோபிநாத் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறார். அன்று சுடுகாட்டில் அது கொட்டித் தீரட்டும் என்று நடந்தார். இப்போது ஓடிப்போய்க் குனிந்து, உள்ளங்கையை ஓட்டையில் வைத்து அழுத்தினார்.

“அழுத்திப் புடிப்பா.”

“புடிச்சிகினுதான் இருக்கேன். நீ நட.”

மகளின் இடுப்புயரத்துக்குக் குனிந்தபடி, பக்கவாட்டில் அடியெடுத்து வைத்து, அவள் நடைக்கு ஈடுகொடுத்து நடந்தார். வண்டிகள் ஒதுங்கிப் போயின. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். விரலிடுக்கில் கசிந்த தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கி அக்குள்வரை சில்லிட்டது. வலது கை மரத்துப்போனது. மாற்றிக்கொள்ள அவர் முயலவில்லை. தெருக்குழாயைக் கடக்கும்போது இளமதி கொஞ்சம் நடையைக் குறைத்தாள். அவரும் குறைத்துக்கொண்டார்.

வாசலில் வாழையிலை விரித்து நெல் பரப்பி வைத்திருந்தது. பொன்னியம்மாள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் கழுத்துக்குக் கீழே இறங்கியிருந்தாலும், பூ மிதந்துகொண்டிருந்தது.

“வந்துட்டாடா,” என்றாள். “எறக்கு.”

இளமதி மண்டியிட்டுக் குடத்தை இறக்கினாள். கோபிநாத்தும் கூடவே தரையில் உட்கார்ந்தார். புறங்கையில் நெல் குத்தியது. உள்ளங்கையின் மேல் குடத்தின் மொத்தக் கனமும் வந்து இறங்கியது. சத்தமே எழவில்லை.

“கைய எடுப்பா,” என்றாள் இளமதி மெல்ல.

அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். குடத்தில் மல்லிகை லேசாக அசைந்து, விளிம்பைத் தொட்டு, நின்றது.