கட்டைவிரல் முறை

ஈஸ்ட்டின் கொழுப்பு அமிலங்களைப் பிரித்தெடுக்கும் வரலாறு இனி இரண்டு யுகங்களாகப் பிரியும் என்று ஆய்வகத் தலைவர் அறிவித்தார். அறிவித்துக்கொண்டே மூக்கைக் குடைந்தார். கிடைத்ததை வெள்ளைக் கோட்டில் தேய்த்தார்.

அவருடைய அக்கா மகள்தான் அங்கே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்பவள். வீட்டில் மாமா, ஆய்வகத்தில் சார். இரண்டு பேரையும் அவள் ஒரே மூச்சில் சகித்துக்கொண்டாள். அந்த மூச்சையும் ஈஸ்ட் நாற்றம் காரணமாகச் சிக்கனமாகத்தான் விடவேண்டியிருந்தது. ஊறிப்போன காலுறை நாற்றம். தலைமுடியில் ஏறினால் இறங்காது.

பழைய முறையில் ஈஸ்ட்டைக் காயவைத்து, பொடித்து, எண்ணெயைப் பிரித்து, அதைப் பக்குவப்படுத்தி, அமிலங்களைப் பிரித்துக் காட்டும் கருவிக்குள் விட இரண்டு நாள் பிடிக்கும். அவள் ஈர ஈஸ்ட்டையே அமிலம் கலந்த மெத்தனாலில் போட்டுச் சூடாக்கினாள். பிறகு ஹெக்ஸேன் என்னும் கரைப்பானை ஊற்றிக் குலுக்கி, மேலே மிதப்பதை எடுத்தாள். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

இதில் மாமா சேர்த்த ஒரே முன்னேற்றம் அவருடைய கட்டைவிரல். மூடியைத் தேடித் திருகுவது வெட்டிவேலை என்று குழாயின் வாயை விரலால் அடைத்துக் குலுக்குவார். கையுறை கிடையாது. அமிலம் பட்டு அந்த விரலின் தோல் வெள்ளையாக உரிந்து தொங்கும். உரியாத இடத்தில், அவர் ஓயாமல் கொறிக்கும் சிப்ஸின் எண்ணெய் மினுங்கும். விரலை எடுக்கும்போது 'ப்ளக்' என்று ஒரு சத்தம்.

கருவி வரையும் படத்தில் ஒவ்வொரு அமிலமும் ஒரு குன்று. மாமா குலுக்கிய குழாய்களில் மட்டும் லினோலியிக் அமிலத்தின் குன்று எழுந்தது. சூரியகாந்தி எண்ணெயில் கொட்டிக் கிடப்பது, ரொட்டி ஈஸ்ட்டால் செய்யவே முடியாதது. மாமா துள்ளிக் குதித்தார். "நம்ம ஈஸ்ட் செஞ்சிருச்சு பாத்தியா! இதுதான் உன் ஆய்வேட்டோட கடைசி அத்தியாயம்."

அவள் ஈஸ்ட்டே போடாத குழாய் ஒன்றையும் மற்ற குழாய்களோடு சேர்த்து அவரிடம் குலுக்கக் கொடுத்துப் பார்த்தாள்.

"மாமா, வெறும் குழாயிலயும் அந்தக் குன்று வருது."

"சார்னு சொல்லு."

"வருது சார். மூடி போட்டா வரல. அது உங்க விரல்ல ஒட்டின சிப்ஸ் எண்ணெய்."

"அப்படியே உங்கம்மா புத்தி! நல்ல காரியத்துல நொள்ளை சொல்றது. நாளைக்குத் தேர்வாளர் வர்றாரு. அத்தியாயம் இருந்தா பட்டம். இல்லன்னா இன்னும் ரெண்டு வருஷம் இந்த நாத்தத்துலயே கெட."

மறுநாள் தேர்வாளர் வந்தார். மாமா சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து, கைநிறைய அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தார். தேர்வாளர் ரசித்துத் தின்று, விரலில் ஒட்டிய உப்பையும் நக்கினார்.

"ஈஸ்ட் இல்லாத குழாயை ஓட்டிப் பாத்தியாம்மா?"

"அதெல்லாம் சுத்தமா வந்துச்சு," என்றார் மாமா, அவளை முந்திக்கொண்டு.

தலையாட்டினால் பட்டம். அவளுக்குத் தலை ஆடவில்லை.

"இப்பவே காட்டுறேன் சார்," என்று தேர்வாளரிடம் சொல்லி, ஈஸ்ட் போடாத குழாயை மாமாவிடம் நீட்டினாள். "நீங்கதான் குலுக்கணும். உங்க கைப்பக்குவம் எனக்கு வராது."

இந்தப் புகழ்ச்சியில் மாமா உருகிவிட்டார். நேற்று அவள் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. விரலை அழுத்தி, கண்ணை மூடி, மந்திரம் ஓதுகிறவர் மாதிரி குலுக்கினார். ப்ளக்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரையில் குன்று எழுந்தது. தேர்வாளர் திரையைப் பார்த்தார். மாமாவின் கட்டைவிரலைப் பார்த்தார். காலிப் பொட்டலத்தைப் பார்த்தார்.

"முறை நல்லாத்தான் இருக்கும்மா. மூடி போட்டுச் செஞ்சதை மட்டும் எழுது. புது அமிலத்தைத் தூக்கிடு. பட்டத்துக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்ப என் பங்களிப்பு?" என்றார் மாமா.

"அதைத்தான் தூக்கச் சொல்றேன்."

தேர்வாளர் கை கழுவப் போனார். ஆய்வகத்தில் சோப்பு இல்லை.