தண்ணீர் ஆடாத பாட்டுகள்

திருப்பதி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஜெபதாஸ் வைத்திருந்த கேசட் பதிவுக் கடையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், ஒரு பரீட்சை நடந்தது. பரீட்சைக்கு வந்தவை இங்கிலீஷ் ராக் பாட்டுகள். மார்க் போட்டவன் எர்னஸ்ட். ஸ்பீக்கர் பெட்டியின்மேல் எவர்சில்வர் டம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர் வைத்துவிட்டுப் பாட்டைப் போடச் சொல்லுவான். கன்னத்தில் கை ஊன்றித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பான். தண்ணீர் ஆடினால் பாட்டு பெயில். ஆடாவிட்டால் பாஸ்.

"ஒரேய், ஏந்திரா இது!" என்று தெலுங்கில் அலுத்துக்கொண்டு ஜெபதாஸ் தலையில் அடித்துக்கொண்டான். சிநேகிதன் ஆகையால் துரத்தவும் முடியவில்லை. "அதிராத ராக் பாட்டு வேணுமாம். உப்பு இல்லாத கருவாடு கேக்கறியே நைனா."

எர்னஸ்டைப் பிடித்த இந்தப் பைத்தியத்தின் பெயர் ஞானசௌந்தரி. அவன் மனைவி. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. டைபாய்டு காய்ச்சல் வந்து போனபோது அவள் காதில் எதையோ விட்டுவிட்டுப் போயிருந்தது. கரண்டி விழுந்தால் அழுவாள். கதவு அடித்துக்கொண்டால் உடம்பெல்லாம் வெடவெடக்கும். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, காதில் ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாததற்கு மருந்து மட்டும் எங்கிருந்து வரும்? புருஷனோ சித்தூர் கிறிஸ்தவ சபையின் வாலிபர் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவன். ஒரு நாள் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடமாலபேட்டையில் இருந்த தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"கிட்டார வித்துடறேன், வந்துடு ஞானம்" என்று கெஞ்சிப் பார்த்தான்.

"வித்துட்டு காலம் பூரா மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருப்பீங்க. அத்த யாரு பாக்கறது? வித்தா நான் வரவே மாட்டேன்."

கோபக்காரிதான், ஆனால் பொய் சொல்லவில்லை. அவன் கிட்டாரைத் தொட்டால்தான் மனுஷனாக இருந்தான் என்பது அவளுக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவில், அவள் காது தாங்குகிற பாட்டு என்று ஒன்று உலகத்தில் இருக்காதா? இருந்தால் அதை வாசித்துக்கொண்டு அவளோடு ஒரே கூரையின் கீழ் இருந்துவிடலாம். எர்னஸ்டுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கடைசியில் சில பாட்டுகள் பாஸ் ஆயின. அவற்றை ஒரு கேசட்டில் ஏற்றிக்கொண்டு, ஜெபதாஸின் டேப் ரிக்கார்டரைக் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

மாமனார் அசரியா சாப்பிட்டுவிட்டு உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்து நிழலில் இருவரும் உட்கார்ந்தார்கள். எர்னஸ்ட் முதல் பாட்டைப் போட்டான். எவனோ ஒரு வெள்ளைக்காரன் பாதித் தூக்கத்தில் முனகுகிறாற்போல் இருந்தது. ஞானசௌந்தரி கண்ணை மூடிக் கேட்டாள். நடுவில் பாட்டு நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம் எதுவுமே இல்லை. பிறகு 'டிங்' என்று ஒரே ஒரு தாளத் தட்டு. டம்ளர் தண்ணீரை அசைக்காத சின்னச் சத்தம்.

அவள் அலறிவிட்டாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "மெதுவா... மெதுவா..." என்று பல்லைக் கடித்தாள். அவள் எப்போதும் சொல்வதுதான். எர்னஸ்டும் எப்போதும் போலச் சத்தத்தைக் குறைத்தான். இன்னும் குறைத்தான். கொசு பாடுகிற அளவுக்குக் குறைத்த பிறகும், பாட்டு மறுபடி 'டிங்' என்றதும் அவள் துள்ளி விழுந்தாள். அவன் டேப் ரிக்கார்டரை நிறுத்திவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். முடிந்தது என்று நினைத்தான்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மாந்தோப்புக்கு அப்பால் மலை நீலமாகக் கரைந்து, எது மலை எது வானம் என்று தெரியாமல் கிடந்தது. அந்தக் கரைசலுக்குள்ளிருந்து எதுவோ வந்தது. முதலில் அது சத்தமே இல்லை. தரையில் ஒரு நினைப்பு மாதிரிதான் இருந்தது. பிறகு காற்று கொஞ்சம் கனத்தது. இலைகள் தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டன. பிறகு கூட்ஸ் வண்டி, பெட்டி பெட்டியாக, தோப்பையும் வீட்டையும் நெஞ்சுக்கூட்டையும் அதிரவைத்துக்கொண்டு போயிற்று. எர்னஸ்ட் பதறிப்போய் அவள் காதைப் பொத்தக் கையை நீட்டினான்.

ஞானசௌந்தரி சிரித்துக்கொண்டிருந்தாள். தொட்டிலில் ஆடுகிற பிள்ளையைப் போல அவள் உடம்பு அந்தத் தாளத்தில் லேசாக அசைந்தது.

கடைசிப் பெட்டியும் கரைந்த பிறகு, "உனக்கு வலிக்கலியா?" என்று கேட்டான்.

"எதுக்கு வலிக்கணும்? அது மெதுவாதானே வருது."

"மெதுவாவா? காதே கிழிஞ்சி போச்சி எனக்கு!"

"சத்தம் பெரிசுதான். ஆனா மெதுவா வருது. அங்க இருந்தே, வரேன் வரேன்னு சொல்லிக்கினே வருது."

எர்னஸ்டுக்கு அப்போதுதான் உறைத்தது. நம் பாஷையில் 'மெதுவா' என்ற சொல்லுக்கு இரண்டு வீடு. மெதுவாகப் பேசு என்றால் சத்தம் குறைய வேண்டும், மெதுவாக நட என்றால் வேகம் குறைய வேண்டும். அவள் இத்தனை நாளும் ஒரு வீட்டு வாசலில் நின்று கூப்பிட, இந்த மடையன் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். ஊரில் உள்ள பாட்டையெல்லாம் காது கொடுத்துக் கேட்டவன், பெண்டாட்டி பேச்சை மட்டும் அரைக்காதால் கேட்டிருக்கிறான்.

"அப்போ கிட்டார்?"

"கிட்டார் இன்னா பண்ணுச்சி? நீங்க தட்டறதுக்கு முன்ன ஒரு தபா கம்பிய முறுக்குவீங்க, தொண்டைய கனைப்பீங்க. வரப்போவுதுன்னு தெரிஞ்சிடும்." அவள் முந்தானையைத் திருகினாள். "நீங்கதான் மெதுவா வர மாட்டீங்க."

"நானா? உனக்கு ஜுரம் வந்ததுலருந்து செருப்பக்கூட தெருவுல கழட்டிட்டு பூனையாட்டம் வரேனே!"

"அதான். அடுப்பாண்ட நின்னுக்கினு இருப்பேன், வீட்ல யாருமே இருக்க மாட்டாங்க. திடீர்னு காதாண்ட 'ஞானம்'னு ஒரு குரல். தெனம் சாயங்காலம் எனக்கு உசுரு போயிப் போயி வரும். பாசமா வர்ற மனுஷன எப்டி வேணாம்னு சொல்றது? அதான் இங்க வந்துட்டேன்."

அவனுக்கு அடிபட்டாற்போல் வலித்தது. அவள் ஓடி வந்தது பாட்டுக்குப் பயந்து அல்ல. அவன் அன்புக்குப் பயந்து. அவன் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான். அவளும் இருக்கச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் வடமாலபேட்டைக்காரர்கள் ஒரு வேடிக்கை பார்த்தார்கள். மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிய ஒரு ஆள், பெயிலான ராக் பாட்டு ஒன்றைத் தொண்டை கிழியப் பாடிக்கொண்டு, செருப்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்தான். நாய்கள் துணைக்குப் பாடின. "குடிச்சிட்டு வராரா மாப்ள?" என்று அசரியா வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார்.

ஞானசௌந்தரி அதற்குள் தலை சீவி, புடவை மாற்றி, பெட்டியோடு வாசலுக்கு வந்துவிட்டிருந்தாள். கைகள் காதில் இல்லை.

எர்னஸ்ட் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றான். "வலிக்குதா?" என்று கேட்டான்.

"பாட்டு சகிக்கல" என்றாள். கண் நிறைந்திருந்தது. "ஆனா ரோட்டுல இருக்கும்போதே தெரிஞ்சிடுச்சி, எங்க வூட்டுக்காரர் வராருன்னு."