அட்டமியில் விழுந்த டெர்மீன்

யதுசாவின் பிரித்தானியக் கடவுச்சீட்டில் நுழைவு முத்திரை விழுந்து இன்றோடு தொண்ணூறு நாள். பிரித்தானியர் விசா இல்லாமல் ஜெர்மனிக்கு வந்து இங்கேயே வதிவிட அனுமதி கேட்கலாம். ஆனால் தொண்ணூறு நாளுக்குள் கேட்டாக வேண்டும். தவறினால் லண்டனுக்குத் திரும்பி, மறுபடி வர மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்கோ இன்னும் ஏழு வாரம்தான்.

செவ்வாய்க்கிழமைக்குப் பதிந்திருந்த டெர்மீனை, அந்தச் சந்திப்பு நேரத்தை, குடிவரவு அலுவலகமே அடுத்த வியாழனுக்குத் தள்ளிவிட்டதாக மாமி சொன்னபோது, கணவன் லவனும் நம்பினான், அவளும் நம்பினாள். அவர்கள் தள்ளினால் பழியும் அவர்களுடையதுதானே. இன்று காலை லவன் வேலைக்குப் போனபின் யதுசா அலுவலகத்தின் மின்னஞ்சலைத் திறந்தாள். உங்கள் வேண்டுகோளின்படி மாற்றப்பட்டது என்றிருந்தது.

மாமி பவளம் அடுப்படியில் நின்றபடியே ஒப்புக்கொண்டாள். செவ்வாய் அட்டமி. நல்ல காரியத்துக்கு அட்டமியில் ஆரும் போவார்களா? மகனின் கணினியில் ஒரு பொத்தானை அமத்தினாள், அவ்வளவுதான்.

"நீங்கள் அமத்தினது என்ர பிள்ளையின்ர தலையில, மாமி."

அதற்குமேல் பேசினால் அழுகை வந்துவிடும். யதுசா கோப்புறையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பின்னாலேயே மாமியும் வந்தாள், குளிர்ச்சட்டைக்குப் பொத்தான்கூடப் போடாமல்.

வெள்ளிக்கிழமைகளில் அலுவலகம் பன்னிரண்டுக்குப் பூட்டும். பேருந்து ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நின்றது. மாமியின் உதடுகள் ஏதோ தேவாரத்தில் அசைந்துகொண்டிருந்தன.

பதினொன்று பத்துக்கு வாசலில் காவலாளி மறித்தான். டெர்மீன் இல்லாதவர்கள் தபால்பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம், திங்கட்கிழமை திறப்பார்கள் என்றான். திங்கள் என்றால் தொண்ணூற்று மூன்றாம் நாள். யதுசா தன் அரைகுறை ஜெர்மனில் இன்றைக்கே, இன்றைக்கே என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அப்போதுதான் மாமி அவளை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். மருத்துவமனைத் தாழ்வாரங்களைத் துடைத்துத் துடைத்துப் பழகிய ஜெர்மன் அவளுடையது. டெர்மீனை மாற்றியது தான்தான் என்றாள். நிலவு சரியில்லாததால் மாற்றினாளாம். தண்டனை தனக்கு, இந்தப் பெண்ணுக்கு இல்லை. காவலாளி இரண்டு பேரையும் பார்த்தான், யதுசாவின் வயிற்றையும் பார்த்தான், உள்ளே போனான்.

பதினொன்றரைக்குத்தான் கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி வெளியே வந்தார். நிலவுக் கதையை அவரும் ஒருதரம் கேட்டார், சிரிக்கவில்லை. விண்ணப்பத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் நிறுத்தினார். கையெழுத்து இல்லை. யதுசா சுவரில் வைத்து எழுதப் பார்த்ததில் தாள் இரண்டுதரம் நழுவியது. மூன்றாம் தரம் மாமி தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

இன்றைய திகதியோடு முத்திரை விழுந்தது. அதன் பிரதி ஒன்று யதுசாவின் கைக்கு வந்தது.

வெளியே, பேருந்து நிறுத்தத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தபோதுதான் யதுசாவுக்கு அது நினைவு வந்தது.

"வெள்ளி பத்தரையில இருந்து பன்னிரண்டு வரைக்கும் ராகுகாலம். கலண்டரில பாக்கேல்லையோ?"

"பாத்திட்டுத்தான் வந்தனான், பிள்ளை." மாமி ஒவ்வொன்றாகப் பொத்தானைப் பூட்டினாள். "ராகுவிட்டையும் டெர்மீன் இல்லைத்தானே. அவனையும் காவலாளி வாசல்லயே மறிச்சிருப்பான்."

யதுசாவுக்குக் கோபம் தீரவில்லை. இருந்தாலும் பேருந்து வந்ததும் கோப்புறையை மாமியின் கையில் கொடுத்தாள்.

"வச்சிருங்கோ. ஆனா இனி ஒண்டையும் அமத்தாதேங்கோ."